மாம்பழத் தகரத்தில் செய்த கைகள்

பிள்ளைகளே, உங்கள் வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பால்பல் விழுவதுபோல, ஆண்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனதும் விரல் விழும் என்று நினைத்திருந்தேன். எங்கள் லைன் வீடுகளில் பத்து விரலும் உள்ள அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை. என் அப்பாவுக்கு வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கட்டைவிரல் நுனி கிடையாது. கடைசி வீட்டுப் பெரியப்பா டீ கிளாஸைப் பிடிப்பதே உள்ளங்கையால்தான். இதெல்லாம் எனக்குப் பயமாகவே இல்லை. பல் விழுந்தால் கூரைமேல் போடுகிறோம், விரல் விழுந்தால் எங்கே போடுவார்கள் என்பது மட்டும்தான் சந்தேகம்.

உங்களில் பலருடைய அப்பாக்கள் என்னோடு அதே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். நான் எங்காவது தப்பாக எழுதியிருந்தால் வந்து சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை. ஆனாலும் ஓர் ஆயுத பூஜையில் தொடங்கி அடுத்த மாம்பழக் காலத்தில் முடிந்துபோன அந்தக் கதையை யாராவது ஒருவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் பிரஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்களைச் செய்து கொடுக்கும் ஷெட்டுகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அப்படி ஒரு ஷெட்டில்தான் அப்பா வேலை பார்த்தார். பிரஸ் மெஷினில் தகட்டை வைத்தால் மேலேயிருந்து ஓர் இரும்பு இறங்கி, பிஸ்கட் வெட்டுவதுபோலத் தகட்டை வெட்டிவிட்டு ஏறும். அதற்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் இரும்புக்கு அடியில் இருக்காது, அதற்காகச் செய்த ஏற்பாடு.

ஆனால் எங்கள் அப்பாக்களின் ஷெட்டில் ஒரு பட்டனை அமுக்கியபடியே சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். அப்போது ஒரு கை பட்டனுக்குப் போதும். இன்னொரு கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். வேலை வேகமாக ஓடும். கட்டச் சொன்னவர் சூப்பர்வைசர். ஆனால் அவிழ்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அந்த ரப்பர் முடிச்சுக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். அது மெஷினோடு கூடப் பிறந்ததுபோல ஆகியிருந்தது.

எங்கள் லைன் வீடுகளுக்கும் ஏரிக்கும் நடுவில் அகதி முகாம். கடல் தாண்டி இலங்கையிலிருந்து வந்த தமிழ் ஜனங்கள். ஷெட்டுகளில் வெட்டித் தள்ளிய ஓட்டைத் தகடுகளைத்தான் அவர்கள் வேலியாக நட்டிருப்பார்கள். வெயில் சாயும் நேரத்தில் அந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வட்டம் வட்டமாகத் தரையில் விழும். அந்த வட்டங்களில் கால் வைத்துத் தாண்டித் தாண்டி நாங்கள் பாண்டி ஆடியிருக்கிறோம்.

அந்த முகாமில் ஒருவரை நாங்கள் தகர மாமா என்று கூப்பிடுவோம். பெரியவர்கள் சிலோன்காரர் என்பார்கள். அவர் ஊரில் பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். இங்கே கம்பெனி கேட்டுகளுக்கும் சுவர்களுக்கும் பெயின்ட் அடிக்கப் போவார். வேலை இல்லாத நாளில் குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து தகரம் வெட்டுவார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் அடைக்கும் பெரிய டின்கள் உங்களுக்குத் தெரியும். நசுங்கிப்போன டின்கள் பழைய இரும்புக் கடைக்கு வரும். அவற்றை வாங்கிப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, கத்தரியால் வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, படகு செய்வார், கோழி செய்வார், சைக்கிளில் போகும் ஆள் செய்வார். தகரம் சூடேறும்போது கருகின வெல்லமும் மாம்பழமும் கலந்த ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது வெல்டிங் பொறி பறந்தால் என் மூக்கு அந்த வாசத்தைத்தான் முதலில் தேடும். வராது.

எங்கள் வீட்டுக் குடத்துக்கு ஓட்டை விழுந்தால் அவரிடம்தான் கொண்டுபோவோம். அவர் ஈயம் வைத்த குடம் அதற்குப் பிறகு ஒழுகியதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு படகு செய்து கொடுத்தார். பக்கவாட்டில் மாம்பழப் படம் பாதி தெரியும். அதை ஏரியில் விட்டோம். அப்போதே எங்கள் ஏரியில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை நிற்கும். படகு நுரைக்குள் போய்விட்டது, திரும்பி வரவில்லை. நான் அழுதேன். மாமா சிரித்தார்.

"எங்கட கடலிலை நுரை கரைக்குத்தான் வரும் தம்பி. உங்கட ஏரியிலை நடுவிலையும் நுரை. படகு பாவம், எது கரையெண்டு தெரியாமல் நிக்குது."

மாமாவின் மகள் எங்கள் வகுப்பு. அவளுக்கு அம்மா இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வாள். முகாமைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரர் உண்டு. குறித்த நாளில் எல்லோரும் வரிசையில் நின்று அவரிடம் முகம் காட்ட வேண்டும். யாராவது சண்டை, ஊர்வலம், கோஷம் என்று போனால் அவர்களைத் தூரத்தில் இருக்கும் இன்னொரு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பெரிய சுவரும் பூட்டும் உண்டு. நாங்கள் அதைப் பூட்டு முகாம் என்போம்.

"அப்பாவை அங்கை கொண்டுபோனால் என்னை ஹொஸ்டலிலை விடுவினம்" என்பாள். "அதாலை அப்பா ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. தகரத்தோடைதான் கதைக்கிறவர்."

அந்த வருஷம் புரட்டாசி மாதம். ஒருநாள் மாமா தகரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதை நாக்கால் தள்ளியபடி அவரிடம் சொன்னேன்.

"மாமா, பல்லு விழுந்தா முளைக்குதில்ல. விரல் விழுந்தா ஏன் முளைக்க மாட்டேங்குது?"

"யாருக்குத் தம்பி விரல் விழுந்தது?"

"எல்லாருக்கும்தான். பெரியவங்களாயி வேலைக்குப் போனா விழுமில்ல."

கத்தரி நின்றது. மாமா என்னைப் பார்த்தார், பிறகு கூட இருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார். யாருமே சிரிக்கவில்லை. எல்லோரும் ஆமாம் என்பதுபோல் நின்றோம். மாமாவின் மகள் மட்டும் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எங்கட ஊரிலை சண்டை நடந்தது, கை போச்சுது, கால் போச்சுது" என்றார் மாமா. "இஞ்சை சண்டை இல்லை. பேந்து ஏன் போகுது?"

எங்களிடம் கேட்டாரா, தகரத்திடம் கேட்டாரா என்று தெரியவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கட அப்பாக்களின்ர கையைக் கீறிக்கொண்டு வாங்கோ" என்றார்.

நாங்கள் மிரண்டுபோனோம். எங்கள் ஊரில் கீறுவது என்றால் பிளேடால் கீறுவது. மாமாவின் மகள்தான் சிரித்துவிட்டுச் சொன்னாள், "ஐயோ, பென்சிலாலை. வரையிறது."

அப்பாக்கள் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார்கள். ஆனால் என் அப்பா வலது கையை எப்போதும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். அதை வெளியே எடுப்பது எப்படி? நான் விசிறியை எடுத்து ஈ ஓட்டுவதுபோல வீசினேன். வெகுநேரம் வீசிய பிறகு, காற்றுக்கு உடம்பு தளர்ந்து கை தானாகப் பாயில் விழுந்தது. அடியில் பேப்பரைச் செருகி, கரித்துண்டால் சுற்றிலும் கோடு போட்டேன். விரல் நின்றுபோன இடத்தில் கரி பட்டதும் அப்பா தூக்கத்திலேயே, "எடு, கைய எடு, கைய எடுடா" என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் கண் திறக்கவில்லை. அவர் என்னைச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய நானே பிரஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் பேப்பர் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் அப்பா திரும்பிப் படுத்ததால் கோடு கோணலாகிவிட்டது என்று அழுதாள். மாமா ஒவ்வொரு பேப்பரையும் தகரத்தின்மேல் வைத்து அப்படியே வெட்டினார். குறைந்த விரல் குறைந்தபடியே. பிறகு உள்ளிருந்து மெல்லத் தட்டித் தட்டி உப்பலாக்கினார். தட்டைத் தகரம் கையானது. உள்ளங்கை ரேகைகூட ஆணியால் போட்டார். ஒரு கையில் மாம்பழத்தின் மஞ்சள், இன்னொன்றில் இலையின் பச்சை, மற்றதில் கம்பெனிப் பெயரின் அரை எழுத்து.

ஆயுத பூஜையன்று காலையில் ஷெட் கேட்டுக்கு எதிரே இருந்த புங்க மரத்தில், விடியுமுன் மாமா கட்டிவிட்டுப் போன அந்தக் கைகள் தொங்கின. ஒரு எழுத்து எழுதவில்லை, ஒரு படம் போடவில்லை. வெறும் கைகள். காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. அன்றைக்குக் குடும்பத்தோடு எல்லோரும் பூஜைக்கு வருவார்கள். பொரி, சுண்டல், பூசணிக்காய், புதுத் துணி. வந்தவர்கள் எல்லோரும் மரத்தடியில் நின்றுவிட்டார்கள்.

முதலில் சிரிப்புதான்.

"டேய், அங்க பாருடா, உன் கை எனக்கு டாட்டா காட்டுது."

"உன் கை மட்டும் என்னாவாம், பாதி வணக்கம் போட்டுட்டு நிக்குது."

நாங்கள் பிள்ளைகள் பெருமையோடு அவரவர் அப்பா கைக்குக் கீழே போய் நின்றோம். அதற்குப் பிறகுதான் சிரிப்பு அடங்கியது. யாருடைய கை எது என்று எழுதிப்போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பெண்கள் கைகளைப் பார்த்தார்கள், பிறகு கேட்டைப் பார்த்தார்கள். என் அப்பா வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் வெளியே வந்து, "யேனப்பா இது? தெகி, தெகி" என்று கன்னடத்தில் எடுக்கச் சொன்னார். யாரும் எடுக்கவில்லை. அவரே எடுக்கவும் கை நீட்டவில்லை.

விடிந்த பிறகு மாமா மரத்துப் பக்கம் வரவே இல்லை. முகாம் வேலியின் ஓட்டைத் தகட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா புதுச் சட்டையைக் கழற்றி எறிந்தார்.

"என் கைய கொண்டு போயி மரத்துல தொங்க விட்டிருக்கான் அந்தாளு. நான் என்னா செத்தா பூட்டேன்?"

அம்மா சுண்டலைத் தட்டில் போட்டபடி சொன்னார். "தொங்க விட்டதுக்கு இவ்ளோ கோவம் வருதே. கை போனன்னிக்கு இந்தக் கோவத்த எங்க வெச்சிருந்தீங்க?"

அப்பா சாப்பிடாமல் வெளியே போனார். அவருக்குத் தகர மாமாமேல் கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது எனக்கு அன்றைய அவர் வயதைவிடக் கூடுதல் வயது. அது வெட்கம். தன் குறையைத் தன் பிள்ளை வரைந்து கொடுத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் கடைசிவரை கேட்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் முகாமுக்கு ஜீப் வந்தது. போலீஸ்காரர் மாமாவின் கத்தரி, சுத்தியல், ஈயக்கோல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போடச் சொன்னார். மரத்திலிருந்து இறக்கிய கைகளும் ஒரு கோணியில் கட்டப்பட்டுக் கிடந்தன.

"யோவ் வாத்தியாரே, உன்னைய என்னா சொல்லியிருக்கேன்? வேலைக்குப் போ, சோறு தின்னு, வந்து படு. போராட்டம் கீராட்டம் எல்லாம் உங்க ஊரோட முடிஞ்சுதுன்னு சொல்லல?"

"போராட்டம் இல்லை ஐயா. கைதான்."

"கைதான். அந்தக் கைய பாத்து நாளைக்குக் கம்பெனி வாசல்ல பத்து பேர் உக்காந்தா யார் பதில் சொல்றது? ஏறு வண்டியில."

மாமாவின் மகள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. சட்டைத் துணி மட்டும் அவள் கையில் சுருங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். என் அம்மா முன்னால்.

"சார், அது வேண்டுதல் கைங்க சார்" என்றார் அம்மா.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கை கால் நோவு, கண் நோவு என்றால் மாரம்மாவுக்கு வேண்டிக்கொண்டு, நல்லானதும் தகட்டில் கையோ காலோ கண்ணோ செய்து கோயிலில் கட்டுவோம்.

"வேண்டுதல்னா கோயில்ல இல்ல இருக்கணும். மரத்துல என்னா வேலை?"

"ஆயுத பூஜைக்கு மெஷினுக்குக் காட்டிட்டு அப்புறம் கோயிலுக்குக் கொண்டு போலாம்னு வெச்சோம் சார். நாங்கதான் செஞ்சு குடுங்கன்னு அவர கேட்டோம். இந்த மனுசன் மேல என்னா தப்பு?"

மற்றப் பெண்களும் ஆமாம் சார், ஆமாம் சார் என்றார்கள். அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது என்பதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். போலீஸ்காரரும் வேண்டுதல் தெரிந்த ஊர்க்காரர்தான். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"சரி. இந்த வாரத்துக்குள்ள கோயில்ல கட்டியிருக்கணும். நான் வந்து பாப்பேன். இல்லேன்னா ஆளு இங்க இருக்க மாட்டான்."

சாக்கை அவிழ்த்துச் சாமான்களைக் கொட்டிவிட்டுப் போனார். அம்மாவைச் சுற்றி ஒரே சிரிப்பு. ஒரு மனுசனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம். மாமா மட்டும் கோணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கோயிலில் வேறு தகராறு. பூசாரி தெலுங்கு பேசுகிறவர். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்படிம்மா கட்றது? குறைக் கை அம்மவாருக்கு ஆகாது. கை நல்லாயிட்டதுன்னுதானே கட்றீங்க. முழுக் கையா கொண்டாங்க."

அம்மா கைகளை மறுபடி முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. விரல் வெச்சுக் குடுத்துருங்க. இல்லேன்னா அந்தப் போலீசு திரும்ப வந்துருவான். பொண்ண நெனச்சுப் பாருங்க."

மாமா கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். பிறகு, "முழுக் கைதான் வேணுமெண்டால் செய்து தாறன் தங்கச்சி" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து விரல்கள் செய்தார். அழகான விரல்கள், நகம்கூட உண்டு. ஆனால் ஈயக்கோலை அடுப்பில் வைக்கவே இல்லை. பார்சலுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கை மெழுகுவத்தியில் காட்டி, சொட்டுச் சொட்டாக விட்டு விரலை ஒட்டினார். அவர் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, ஈயம் வையுங்கோ."

"இல்லைப் பிள்ளை."

"விழுந்திடும் அப்பா. பேந்து வருவினம்."

"இந்த விரல் இல்லையெண்டு எனக்குத் தெரியும், இந்தப் பிள்ளையளுக்கும் தெரியும். நானெப்பிடி ஈயம் வைக்கிறது?"

நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். விரலை எதை வைத்து ஒட்டினார் என்று எங்களை ஒரு பொருட்டாக நினைத்து எந்தப் பெரியவரும் பிறகு கேட்கவில்லை.

கைகள் மாரம்மா கோயிலில் ஏறின. கருவறைக்கு எதிரே, விளக்கு மேடைக்கு மேலே, ஒரு கம்பியில் வரிசையாக. போலீஸ்காரர் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். சூப்பர்வைசர் அன்று சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஷெட்டில் ரப்பர் அப்படியே இருந்தது. மார்கழிப் பனியில், மேட்டில் இருக்கும் தளி ஊர்ப் பக்கத்துக் குளிர் எங்கள் ஊர்வரை இறங்கி வந்தபோது, லைன் வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஓர் அண்ணனுக்கு மோதிர விரல் போயிற்று. மோதிரம் கிடைத்தது. அந்த அண்ணி அதைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சித்திரையில் மாரம்மா பண்டிகை. கிருஷ்ணகிரி ரோட்டில் மாங்காய் லாரிகள் போகத் தொடங்கிவிட்ட நேரம். உச்சி வெயில். கோயில் முன்மண்டபத்துக்குத் தகரக் கூரை. பெண்கள் தட்டு தட்டாக மாவிளக்கு கொண்டுவந்து விளக்கு மேடையில் வரிசையாக ஏற்றி வைத்தார்கள். மேலே கூரை கொதிக்கிறது, கீழே நெய்த்தீ எரிகிறது, நடுவில் கைகள். வெல்லம் கருகும் வாசம். எனக்கு மாமாவின் குடிசை ஞாபகம் வந்தது.

முதல் விரல் என் அம்மாவின் மாவிளக்கில்தான் விழுந்தது. தட்டில் பட்டு டிங் என்று ஒரு சத்தம். தீ அணைந்தது. அம்மா அதை எடுத்துப் பார்த்தார். மேலே பார்த்தார். அப்பாவின் கை. சிவப்பு அரக்கு ஒரு சொட்டு அந்த இடத்திலிருந்து இறங்கி நின்றது. இரண்டாவது விரலும் விழுந்தது. பிறகு பக்கத்துக் கை, அதற்குப் பக்கத்துக் கை. ஒவ்வொன்றாக, டிங், டிங் என்று. பம்பைக்காரர்கள் தாமாகவே மேளம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கம்பியில் பழைய கைகளே தொங்கின, மரத்தில் தொங்கியதுபோல, ஆனால் இப்போது சிவப்பாக ஒழுகிக்கொண்டு.

"அம்மவாரு ஒத்துக்கல" என்றார் பூசாரி.

அந்தப் புது அண்ணி முதலில் அழுதார். பிறகு எல்லாப் பெண்களும். கூட்டத்தில் சூப்பர்வைசரும் குடும்பத்தோடு நின்றிருந்தார். என் அப்பா அவர் முன்னால் போய் நின்றார். பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். அப்பா அந்தக் கையை நாலு பேர் முன்னால் நீட்டி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"சார், நாளைக்கு அந்த ரப்பரோட நான் மெஷின்ல நிக்க மாட்டேன். ஆத்தா வேணாங்கறா."

"நானும் நிக்க மாட்டேன் சார்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. கடைசி வீட்டுப் பெரியப்பாவும் அவர்களோடு போய் நின்றார். பிறகு மற்றவர்கள்.

சூப்பர்வைசர் வாதாடவில்லை. அவருக்கும் சாமி பயம் உண்டு. பண்டிகை நாளிலேயே ஷெட்டைத் திறந்து, தன் கையால் எல்லா மெஷினிலும் ரப்பரை அறுத்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து மாரம்மா காலடியில் வைத்தார். பழைய குங்குமம் அந்த ரப்பரில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இருந்தவரை அந்த ஷெட்டில் மறுபடி ரப்பர் ஏறவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சாயங்காலத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. அரக்கு என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். "ஈயம் வைக்காம அரக்க வெச்சு ஆத்தாளயே ஏமாத்திட்டான் சிலோன்காரன்" என்றார்கள். ஆத்தா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன அதே வாய்கள் இதையும் சொல்லின. இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் சிலர் போலீஸ்காரரைப் போய்ப் பார்த்தார்கள். தன்னையும் மாமா ஏமாற்றியதாகத்தான் அவருக்குப் பட்டது.

மறுநாள் காலையில் ஜீப் முகாமுக்குப் போகும்போது அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா ஈயம் வைத்த குடம். நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அம்மா நகரவில்லை. பொய் சொல்லிச் சாமி கோயிலில் கட்டவைத்தது தான்தான், அதனால்தான் இப்படி ஆயிற்று என்ற பயம் அவருக்கு. வேறு யாரும் போகவில்லை. அப்பா தூங்குவதுபோலப் படுத்திருந்தார், கையை அக்குளில் வைத்துக்கொண்டு.

நாங்கள் பிள்ளைகள்தான் போனோம். மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். சாமான்களை எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும், "பல்லு முளைச்சிட்டுதோ தம்பி?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து காட்டினேன். தலையாட்டினார்.

அவர் மகளைக் கிருஷ்ணகிரியில் ஒரு ஹாஸ்டலில் சேர்க்க முகாமில் இருந்த ஓர் அக்கா கூட்டிக்கொண்டு நின்றார். அவள் கையில் ஒரு துணிப்பை. என்னிடம் ஏதாவது திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்.

"எல்லாரின்ர அப்பாவின்ர கையையும் கீறினியள். எங்கட அப்பாவின்ர கையை ஒருத்தரும் கீறேல்லை."

பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பெரியவனாகி வேலைக்குப் போனபின் அந்த ஹாஸ்டலில் போய் விசாரித்தேன். பாதிப் படிப்பில் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார்கள். அந்த யாரோ மாமாவாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதே ஷெட்டில்தான் நானும் பிரஸ் ஓட்டினேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கி. எனக்குப் பத்து விரலும் இருக்கிறது, என் வயதுக்காரர்கள் பலருக்கும் இருக்கிறது. ரப்பர் கட்டும் ஷெட்டுகள் இன்னும் இருக்கின்றன, அதையும் உங்களுக்கு மறைக்க மாட்டேன்.

கைகள் இன்னும் கோயிலில்தான் இருக்கின்றன. பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடிக்கும்போது ஒதுக்கி ஒதுக்கி, இப்போது ஒரு மூலைக்குப் போய்விட்டன. துரு ஏறி மாம்பழ மஞ்சள் தெரிவதில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவர் கைமேல் என் கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கை சரியாகப் பொருந்தும். இரண்டு விரல் மட்டும் தகரத்துக்கு வெளியே நீண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். மாமாவின் கையை வரைய வேண்டும். கண்ணை மூடினால் கத்தரி தெரிகிறது. சுருண்டு விழும் தகரம் தெரிகிறது, சிவப்பு அரக்கு சொட்டுவது தெரிகிறது. அவற்றைப் பிடித்திருந்த கை எப்படி இருந்தது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் எனக்கு வருவதில்லை.